பேட்டரி தீர்ந்துபோச்சு

ஜனவரி 4, சனி

இது என் பத்தாம் வகுப்பு அறிவியல் ரெக்கார்டு நோட்டு. ஆறு பக்கம்தான் எழுதியிருந்தேன். மீதியில் இதை எழுதுகிறேன். பேச வராதவளுக்கு எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

காலையில் கம்பெனி வண்டி இரண்டு மூட்டை பனியன் இறக்கிவிட்டுப் போனது. தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை வெட்டி, மடித்து, பத்துப் பத்தாகக் கட்டி வைக்க வேண்டும். இந்த முறை எல்லாம் சின்னப் பிள்ளைகள் அளவு. மார்பில் ஒரு மஞ்சள் வாத்து. மத்தியானத்துக்குள் விரலில் கொப்புளம் வந்துவிட்டது.

சாயங்காலம் எஸ்தர் டீச்சர் வந்தார். மிதுனா படித்த பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். மிதுனா என் தங்கை. போன செப்டம்பரில் இறந்துவிட்டாள். பதினொரு வயது.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்கக் கூடாது. அடுத்த வாரம் ஆறாங்கிளாசுக்குக் காந்தப் பாடம் வருதுங்க. நடத்தாம தாண்டிப் போயிரலாம்னு ஹெச்.எம். சொல்றாரு. நானும் சரின்னுதான் இருந்தேன். முந்தாநாள் பக்கத்து வீட்டு லோகிதா பையில ஆணி, கம்பி, அறுந்த பிளக்கு எல்லாம் இருந்துச்சுங்க."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம காட்டிக் கொடுக்கலீன்னா அதுகளே செஞ்சு பாக்குமுங்க. நீங்க ஒரு நாளைக்கு வந்து, ஆபத்தில்லாம எப்படிப் பண்றதுன்னு…"

அப்பா எழுந்தார். சட்டைகூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "டீச்சருக்கு வேற ஆளே கெடைக்கலையாக்கும்."

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. செருப்பை மாட்டப் போனார். "நான் வரேன் டீச்சர்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அப்போதும் பாதிதான் வெளியே வந்தது. அவர் திரும்பி, "நீயா கண்ணு?" என்றார்.

நானா என்று எனக்கும் தெரியவில்லை.


ஜனவரி 5, ஞாயிறு

அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டு நான்கு மாதம் ஆகப்போகிறது. எதுவானாலும் என் வழியாகத்தான்.

காலையில் அப்பா இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டடி தள்ளி நின்றாள்.

"வினோ, உங்கப்பனுக்கு இன்னும் ரெண்டு வேணுமான்னு கேளு."

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"போதும்னு சொல்லு கண்ணு."

"போதுமாம்மா."

"காதுல விழுந்துச்சு" என்றாள் அம்மா.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். மிதுனா இருந்திருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பாள்.

அவள் எப்படிப் போனாள் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். அப்பா மோட்டார் வைண்டிங் செய்கிறவர். தோட்டத்துக்காரர்கள் கருகிப்போன கிணற்று மோட்டார்களைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்னறைக் கடையில் போடுவார்கள். அப்பா கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுவார். சுற்றி முடித்த காயிலைச் சோதிக்கும்போது கம்பிக்குப் பிளக் மாட்ட மாட்டார். கம்பியின் இரண்டு நுனியையும் சுவரில் இருக்கும் பிளக் ஓட்டையில் விட்டு, ஓட்டைக்கொரு தீக்குச்சியைச் சொருகி இறுக்குவார். நடுவில் ஒரு குண்டு பல்பு இருக்கும். எல்லா வைண்டிங் கடையிலும் அப்படித்தான். "நாளைக்குப் பத்துக் காயிலு. ஒவ்வொண்ணுக்கும் பிளக்கு மாட்டீட்டு இருந்தா வெளங்கும்" என்பார். ஏதாவது கோளாறு இருந்தால் அந்தப் பல்பு மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ளும். அது எதற்கு இருக்கிறது என்று மிதுனா கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஆணியில் கம்பி சுற்றி, டார்ச் லைட் பேட்டரியில் வைத்தால் காந்தம் ஆகும் என்று அப்பாதான் அவளுக்குக் காட்டினார். அவள் ஒரு மாதம் அதையே வைத்துக்கொண்டு திரிந்தாள். செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குக் கம்பெனியில் ஓவர்டைம். அப்பா ஒரு தோட்டத்தில் மோட்டார் இறக்கப் போயிருந்தார். மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. மிதுனாவின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அவள் கடைக்குள் போய், அப்பா செய்வதுபோலச் செய்து பார்த்தாள். பல்பு வைக்கவில்லை. நான் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதான்.

சாவுக்கு வந்த பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அப்பன் காட்டுன வித்தைதானே." அம்மா கடை ஷட்டரைக் காட்டி, "இனி இதைத் தொறந்தா நான் இந்த ஊட்ல இருக்க மாட்டேன்" என்றாள். அதுதான் அவள் அப்பாவிடம் கடைசியாகப் பேசியது. அப்பா இப்போது தேங்காய் நார் களத்துக்குப் போகிறார். நான் அந்தப் பரீட்சையும் எழுதவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் போகவில்லை.


ஜனவரி 7, செவ்வாய்

ஆணியில் மாட்டியே கிடக்கிற என் ஸ்கூல் பையைப் பக்கத்துத் தெரு பர்வீனுக்குக் கொடுக்கலாமே என்றாள் அம்மா. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.


ஜனவரி 8, புதன்

அம்மா வேலைக்குப் போனதும் ஷட்டரை இரண்டடி தூக்கி உள்ளே குனிந்து போனேன். வார்னிஷ் வாசனை அப்படியே இருந்தது. கம்பி உருளைகள் எல்லாம் தூசி. நடுத்தரக் கனத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மூன்று அங்குல ஆணி ஒன்றில் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. இந்தக் கம்பிக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கும். அதைச் சுரண்டாவிட்டால் நுனியில் மின்சாரம் ஏறாது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். பிறகு நான்கு குண்டூசி ஒட்டியது. கம்பி சூடானதும் எடுத்துவிட்டேன்.

சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். 'எல்லாருக்கும் வணக்கம்' என்பதோடு நின்றுவிட்டது.


ஜனவரி 10, வெள்ளி

காலையில் எழுந்தபோது என் பனியன் மூட்டைக்கு மேலே ஒரு மஞ்சள் பை. உள்ளே பன்னிரண்டு துண்டு செம்புக் கம்பி. ஒவ்வொன்றும் ஒரே நீளம். ஒவ்வொன்றும் வளையமாகச் சுற்றி, நடுவில் நூல் கட்டி, இரண்டு நுனியும் பளபளவென்று சுரண்டியிருந்தது. கீழே பன்னிரண்டு ஆணி, கூர்முனை எல்லாம் அரத்தால் மழுக்கப்பட்டு.

அப்பா அதற்குள் களத்துக்குப் போய்விட்டார்.

அம்மாவும் பையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதை நகர்த்திவைத்து இடத்தைப் பெருக்கினாள்.


ஜனவரி 11, சனி

பள்ளிக்கூடம் லீவு. எஸ்தர் டீச்சர் ஆறாம் வகுப்பைத் திறந்து வைத்திருந்தார். பதினொரு பேர் வந்திருந்தார்கள். எல்லாம் மிதுனாவோடு படித்தவர்கள். மூன்றாவது பெஞ்சில் ஓரத்து இடம் மட்டும் காலி. யாரும் சொல்லி அப்படி விட்டதாகத் தெரியவில்லை.

நான் பேசியது முதல் பெஞ்சைத் தாண்டவில்லை.

"கேக்கலைங்கா!" என்று கடைசியிலிருந்து தர்ஷன் கத்தினான்.

முதல் பெஞ்சில் இருந்த பர்வீன் எழுந்து திரும்பி நின்றாள். "நான் சொல்றேன், இருங்க. அக்கா சொல்றாங்க, ஒரு ஆளுக்கு ஒரே ஒரு பேட்டரிதானாம்!"

அதன்பிறகு நான் சொல்வதும் அவள் கத்துவதுமாகப் போனது.

"சுத்து எல்லாம் ஒரே பக்கமா போகணும்."

"ஒரே பக்கமா சுத்தணுமாம்! டேய் தர்ஷா, உன்றது காந்தமா கொசுவத்தியா?"

"உன்றது பரோட்டா மாதிரி இருக்குது, நீ பேசாத."

"நுனியை விரலால ரொம்ப நேரம் அழுத்திப் பிடிக்காதீங்க. சூடாகும். பத்து எண்ணறதுக்குள்ள ஒரு நுனியை எடுத்துடணும்."

"பத்து எண்ணிட்டு உட்டுரணுமாம்! வேகமா எண்ணி ஏமாத்தக் கூடாது!"

அப்புறம் அறை முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் சத்தம். இருபது சுற்றுச் சுற்றியவனுக்கு மூன்று குண்டூசி. அறுபது சுற்றுச் சுற்றிய பர்வீனுக்கு ஒன்பது. "கம்பிய எடுத்தா பொலபொலன்னு கொட்டிருதுக்கா! கரண்டு இருந்தாத்தான் காந்தம், இல்லீன்னா வெறும் ஆணி" என்றாள். நான் சொல்ல வைத்திருந்ததை அவளே சொல்லிவிட்டாள்.

தர்ஷன் கேட்டான், "இதையே சுவத்துப் பிளக்குல குடுத்தா லாரியத் தூக்குமில்லீங்கா?"

எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும். கேட்டபிறகுதான் அவனுக்கும் ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"தூக்காது" என்றேன். "ஆளைத்தான் கொல்லும். வீட்டுக் கரண்டு வேண்டாம். பைக் பேட்டரி வேண்டாம். செல்போன் பேட்டரியும் வேண்டாம். இந்தச் சின்ன பேட்டரி ஒண்ணு, அதுவும் பெரியவங்க பக்கத்துல இருக்கறப்போ." பர்வீன் திருப்பிக் கத்தவில்லை. தேவைப்படவில்லை. இந்த ஒரு தடவை என் குரல் கடைசிப் பெஞ்சுக்குப் போயிருந்தது.

அப்போது பர்வீன் சாதாரணமாகத்தான் கேட்டாள். "பேட்டரி தீர்ந்துபோச்சுன்னா என்னக்கா பண்றது?"

நான் கீழே கொட்டிய குண்டூசிகளைப் பொறுக்கத் தொடங்கினேன். டீச்சர், "வேற வாங்கிக்கற வரைக்கும் காத்திருக்கணும்" என்று சொல்லி முடித்துவைத்தார்.

லோகிதா மட்டும் எதுவும் செய்யவில்லை. அப்பா கட்டிய நூலைக்கூட அவிழ்க்காமல் கம்பி வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் நோம்பி. எங்கள் வீட்டில் இந்த வருஷம் இல்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நோம்பி கிடையாது. பானை வைக்கக் கூடாது, கோலத்துக்குக் கலர் போடக் கூடாது. அக்கம்பக்கத்தார் தங்கள் பொங்கலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். காலையிலிருந்து ஏழு தூக்குப்போசி வந்துவிட்டது. ஏழும் மூடியபடியே இருந்தன.

எட்டாவது, லோகிதா கொண்டுவந்தாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அப்பா வீட்டில் இல்லை.

"எங்கம்மா குடுத்துவிட்டாங்க."

வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை. புதுப் பாவாடை. கழுத்துக்குப் பின்னால் விலைச் சீட்டு கட்டிய நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரியை எடுத்து வெட்டிவிட்டேன்.

"வினோக்கா, பேட்டரி தீரலையில்ல?"

வெட்டிய நூலை விரலில் சுற்றத் தொடங்கினேன்.

"மிது அன்னிக்கு நம்ம ரெண்டு வீட்டு நடுச் சுவத்து மேல ஏறி என்னக் கூப்புட்டா. எங்கக்கா பேட்டரிய ஒளிச்சு வெச்சுட்டுத் தீர்ந்துபோச்சுன்னு பொய் சொல்றா, நான் எங்கப்பா மாதிரிப் பண்ணப் போறேன்னா."

"நீ என்ன சொன்னே?"

"வேண்டாம்னு சொல்லலைக்கா." அவள் உதடு கோணியது. "எப்படி இருக்குதுன்னு வந்து சொல்லுன்னேன். அவ வரவே இல்ல. அதான் நானே செஞ்சு பாக்கலாம்னு பையில வெச்சிருந்தேன். டீச்சர் புடுங்கிக்கிட்டாங்க."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள். "என்னாலதானே அவ செத்துப்போனா. சொன்னா எங்கம்மா என்னை அடிப்பாங்க."

குளியலறைக் கதவு சத்தம் கேட்டது. லோகிதா ஓடிவிட்டாள்.


ஜனவரி 15, புதன்

எழுத முடியவில்லை.


ஜனவரி 17, வெள்ளி

ஐந்தாம் தேதி எழுதியதில் ஒரு வரி பொய். நோட்டில்கூட என்னால் உண்மை எழுத முடியவில்லை.

பேட்டரி தீரவில்லை.

அன்று மிதுனா என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து குண்டூசி தூக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கணக்கும் வரவில்லை. "அக்கா இத பாரு, அக்கா இத பாரு" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை இடித்தாள். அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது பேட்டரியை எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். திரும்பி வந்து தேடினாள். "தீர்ந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன். அப்பா வந்ததும் வேற கேளு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்றுதான் நான்கு மாதமாக நினைத்திருந்தேன். "அப்ப நான் அப்பா மாதிரிப் பண்றேன்" என்றாள். நான் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "என்னமோ பண்ணு" என்றேன்.

என்னமோ பண்ணு.

கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். அந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பேட்டரி இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது. சாவு வீட்டில் எல்லோரும் அப்பாவைச் சொன்னார்கள். அவர் ஒன்றுமே பேசாமல் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.


ஜனவரி 18, சனி

லோகிதா வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அவளைப் பிடித்தேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நீ சொன்னது நெஜம். பேட்டரிய ஒளிச்சு வெச்சது நான்தான். பொய் சொன்னதும் நான்தான். அவ என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. தடுக்க வேண்டியது நான். உன்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் நம்பாதவள்போலப் பார்த்தாள். "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பாவுக்கு?"

"தெரியாது."

"அப்ப நானும் சொல்லலை" என்றாள். "நீங்க பெரிய பொண்ணு, நீங்களே சொல்லலை."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவரும் சொல்லக் கூடாது போலிருக்கிறது என்று அவள் என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.


ஜனவரி 19, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா கொல்லைப்புறத்துக் கல்லோரம் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கையில் ஏறிய நார்ச் சிலும்பை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வினோ, கேஸ் தீரப்போகுது, புக் பண்ணச் சொல்லு உங்கப்பன."

"நான் சொல்ல மாட்டேன்மா."

அம்மா நிமிர்ந்தாள். அவள் சொன்ன வேலையைச் செய்ய மாட்டேன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

வந்தார்கள். ஆளுக்கொரு கதவோரம் நின்றார்கள். நான் பையிலிருந்து பேட்டரியை எடுத்துத் தரையில் வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் குரல் போய்விட்டது. நின்று, மறுபடியும் சொன்னேன். "அப்பா மேல தப்பில்லம்மா" என்று முடித்தேன்.

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். பேட்டரியைத் தொடவில்லை.

"அதெப்படிக் கண்ணு இல்லாமப் போகும்? குச்சி சொருகிக் காட்டுனவன் நான். பல்பு எதுக்குன்னு சொல்லாம விட்டவன் நான். நீ பேட்டரிய எடுக்காம இருந்திருந்தா அன்னிக்குத் தப்பிச்சிருப்பா. இன்னொரு நாளு அது உண்மையிலேயே தீர்ந்திருக்கும்."

"இல்லீங்கப்பா, நான்…"

"நீ பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்த புள்ள. போதும். இத இனி யார்கிட்டயும் சொல்லாதே, சாமி. எல்லாரும் என்னையே சொல்லட்டும்."

என் பங்கை வாங்கிக்கொள்ளத்தான் அவர் பார்த்தாரே தவிர, தன் பங்கில் துளிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

அம்மாவின் கையெல்லாம் சோப்பு நுரை. திரும்பிப் போனாள். துணி துவைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரே தலையணை உறையை அடித்துக்கொண்டிருந்தாள்.


ஜனவரி 20, திங்கள்

அம்மா வேலைக்குப் போனாள். சோறு ஆக்கிவைத்திருந்தாள். அப்பாவிடம் சொல்லச் சொல்லி எதுவும் சொல்லிவிடவில்லை. இப்போது என்னிடமும் பேச்சில்லை.


ஜனவரி 21, செவ்வாய்

வீட்டில் சொல்லிவிட்டதை லோகிதாவிடம் சொன்னேன்.

"திட்டுனாங்களா?"

"இல்ல."

"அடிச்சாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். இருட்டுவதற்குள் அவள் அம்மா வந்து, வாசலில் நின்றபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதிருந்தது தெரிந்தது. "நாலு மாசமா அது தூக்கத்துல பெனாத்தும். என்ன ஏதுன்னே தெரியல. இன்னிக்குத்தான் சொல்லுச்சு" என்றார். உள்ளே அம்மா இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். வெளியே வரவில்லை.


ஜனவரி 23, வியாழன்

இன்று சாயங்காலம் நான் பனியன் மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா வேலைவிட்டு வந்தாள். கைகால் கழுவினாள். இன்னொரு கத்தரியை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு பனியனைப் புரட்டினாள். நாங்கள் ஏழெட்டுப் பனியனுக்கு நூல் வெட்டினோம்.

"அன்னிக்கு மத்தியானம் சோறு தின்னாளா?"

எனக்கு உடனே புரியவில்லை.

"மிது. தின்னாளா?"

"தின்னா. தயிர்ச் சோறு. ஊறுகாயில இருந்த பூண்ட மட்டும் ஒதுக்கி வெச்சா."

"என்ன போட்டிருந்தா? நான் ஆஸ்பத்திரிக்கு வர்றப்பவே வெள்ளத் துணி சுத்திட்டாங்க."

"பச்சைக் கவுனு. மேல அப்பாவோட பழைய காக்கிச் சட்டை. கைய மடிச்சு மடிச்சு விட்டிருந்தா. அது அவளோட கம்பெனி யூனிஃபாரமாம்."

அம்மா வெட்டுவதை நிறுத்தவில்லை. "நாலு மாசமா உன்ன ஒண்ணும் கேக்கல. கேட்டா நீ ஒடஞ்சிருவேன்னு இருந்தேன். பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன், எதையும் பாக்கலைன்னுதானே எல்லார்கிட்டயும் சொன்னே. என் புள்ளையோட கடேசி நாளு யாருக்குமே தெரியாமப் போச்சேன்னு நெனச்சிட்டிருந்தேன்." ஒரு நூல் அறுந்தது. "உன்கூடத்தான் இருந்திருக்கா. உன்கூடப் பேசியிருக்கா."

"ஆமாம்மா."

"வேற என்ன சொன்னா?"

நான் கத்தரியைக் கீழே வைத்தேன். நான் மறக்கப் பார்த்ததெல்லாம் அவளுக்கு வேண்டியிருந்தது.

"அம்மா வரட்டும், அம்மா தாலிக்கொடியில தொங்கற ஊக்க எல்லாம் கழட்டாமயே தூக்கிக் காட்டறேன்னா. நாலு இருக்குது, நாலும் வருமாக்கான்னு கேட்டா."

அம்மாவின் கை தானாக மார்புக்குப் போனது. கொடியோடு சேர்த்து ஊக்குகளை முந்தானைக்கு மேலேயே பிடித்துக்கொண்டாள்.

"வரும்னு சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வெகு சுலபமான பொய்.

"இல்லம்மா. நான் பதில் சொல்லல."

அம்மா ஊக்குகளை விடவில்லை. அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. முகத்தில் அப்படி எதுவும் இல்லை. அப்பா வந்து வாசற்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில் கிடந்த பனியன் கட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடம் காலியானது. அப்பா தயங்கி வந்து அதில் உட்கார்ந்தார்.

"காலையில இருந்து சொல்லு" என்றாள் அம்மா என்னிடம். "எந்திரிச்சதுல இருந்து. ஒண்ணையும் விடாத."

அன்று அவள் எனக்கு முன்பே எழுந்துவிட்டாள் என்று தொடங்கினேன்.